டொயோட்டா 2000ஜிடி உண்மையில யாரோட வண்டி? டொயோட்டாவா, யமஹாவா?

சாலையோரம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், முதல் தடவையா எழுதறேன். போன மாசம் தங்கச்சி வீட்டுக்கு நகோயா போயிருந்தேன், மாப்பிள்ளைக்கு அங்கதான் வேலை. ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல நாகாகுதேல இருக்கற டொயோட்டா ஆட்டோமொபைல் மியூசியத்துக்கு கூட்டிட்டு போனாரு. எத்தனையோ வண்டி பாத்தோம், எல்லாம் நல்லாதான் இருந்துச்சு, ஆனா 1960கள்ல டொயோட்டா பேருல வந்த ஸ்போர்ட்ஸ் கார், அந்த வெள்ளை 2000ஜிடி முன்னாடி நின்னப்ப எனக்கு நகரவே மனசு வரல. சத்தியமா சொல்றேன், அரை மணி நேரம் அதையேதான் சுத்தி சுத்தி வந்தேன். நீளமான மூக்கு, குட்டி கேபின், பின்னாடி அப்படியே வழிஞ்சு இறங்கற கூரை, என் வயித்து உயரத்துக்குதான் இருக்கு மொத்த வண்டியும்.

அங்க நிக்கும்போது மாப்பிள்ளை சொன்னாரு, "இது டொயோட்டா வண்டியே இல்ல, யமஹா செஞ்சது, இவங்க பேரை மட்டும் ஒட்டிக்கிட்டாங்க"ன்னு. நான் ஒத்துக்கல. வீடு வர்ற வரைக்கும் அதே பேச்சுதான். அவங்க ஆஃபீஸ்லயும் இதே மாதிரி சொல்றவங்க இருக்காங்களாம்.

அதான் விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேக்கறேன், நிஜமா யாரு செஞ்சது? அப்புறம் இன்னொரு விஷயமும் புரியல, 2 லிட்டர் இன்ஜின், 150 குதிரைசக்தி, அவ்ளோதான். இன்னிக்கு சாதாரண வண்டியிலயே இது இருக்கு. அதுக்கு எப்படி கோடிக்கணக்குல விலை போகுது? அழகுக்கு மட்டுமா?

கிளாசிக் கதிர்:

வாங்க ப்ரோ, முதல் போஸ்ட்டே நல்ல வண்டியப் பத்தி. இந்தக் கேள்வி எங்க போனாலும் வரும், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

1960கள் ஆரம்பத்துல யமஹா நிசானோட சேந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ப்ராஜெக்ட் பண்ணிட்டு இருந்தாங்க, அது பாதியில நின்னு போச்சு. அந்த நேரத்துல டொயோட்டால ஜிரோ கவானோன்னு ஒருத்தர் தலைமையில ஒரு சின்ன டீம் தனியா ஒரு ஜிடி (கிராண்ட் டூரிங், நீண்ட தூரம் வேகமா போற ஸ்போர்ட்ஸ் கார்) வண்டிக்கு ப்ளான் போட்டுட்டு இருந்துச்சு. சின்னன்னா நிஜமாவே சின்ன டீம், ஒரு கை விரல்ல எண்ணிடலாம். டிசைன் சதோரு நோசாகி, சேஸிஸ் யமசாகி, இன்ஜின் பக்கம் தகாகி, ஓட்டிப் பாக்க ஹோசோயா, இப்படி ஆளுக்கு ஒரு வேலை. பெரிய கம்பெனிக்குள்ள தினமும் ஆயிரக்கணக்குல வண்டி தள்ளிட்டு இருக்கற ஃபேக்டரியில இந்த மாதிரி கைவேலை வண்டிய செய்ய முடியாது, அதனால 1964ல யமஹாவோட கை கோத்தாங்க. டொயோட்டா ஆளுங்க ட்ராயிங்க தூக்கிக்கிட்டு யமஹா இருக்கற இடத்துக்கே போயி அவங்களோட உக்காந்து வேலை பாத்தாங்க. ஒரு வருஷம்கூட ஆகல, 1965 ஆகஸ்ட்ல முதல் வண்டி ரெடி, அக்டோபர்ல டோக்கியோ மோட்டார் ஷோல நிறுத்திட்டாங்க.

அதனால உங்க மாப்பிள்ளை சொல்றதும் பாதி சரி. வடிவமும் அடிப்படை ஐடியாவும் டொயோட்டா டீமோடது. இன்ஜினோட தலை (சிலிண்டருக்கு மேல உக்கார்ற பாகம்), அப்புறம் முழு வண்டியக் கட்டி முடிச்சது யமஹா. பேரை மட்டும் ஒட்டினாங்கங்கறது தப்பு, யமஹா வெறும் கான்ட்ராக்ட் வேலை பாத்துச்சுங்கறதும் தப்பு. ரெண்டு பேரும் இல்லாம அந்த வண்டி இல்ல.

1967 மே மாசம் விற்பனைக்கு வந்துச்சு, 1970ல நிறுத்திட்டாங்க. ப்ரோட்டோடைப், ரேஸ் வண்டி எல்லாம் சேத்து மொத்தமே 351. ஜப்பான்ல விலை 23 லட்சத்து 80 ஆயிரம் யென். 1966ல வந்த முதல் கொரோலா 4 லட்சத்து 32 ஆயிரம் யென், அப்ப கணக்கு பாத்துக்கங்க, ஒரு 2000ஜிடி விலையில அஞ்சு கொரோலா வாங்கிட்டு மிச்சமும் இருக்கும். அமெரிக்காவுல சுமார் 7,000 டாலர், ஜாகுவார் ஈ-டைப்பே அதைவிடக் கம்மி விலையில கிடைச்சுது. டொயோட்டான்னா சின்ன சிக்கன வண்டின்னு நெனச்சிட்டு இருந்த ஊர்ல அவ்ளோ குடுத்து யாரு வாங்குவா சொல்லுங்க. அப்படியும் ஒவ்வொரு வண்டிக்கும் டொயோட்டாவுக்கு நஷ்டம்தான்னு சொல்லுவாங்க.

கார்பு மெக்கானிக்:

தம்பி, 150 குதிரைதானேன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு நான் பதில் சொல்றேன், முப்பது வருஷமா கார்புரேட்டரோடயே (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற பாகம்) வாழ்ந்தவன் நான்.

அந்த இன்ஜினோட கீழ்பாதி டொயோட்டா க்ரவுன்ல வந்த எம் டைப் இன்ஜின். ஆறு சிலிண்டர் நேர் வரிசை, 1988 சிசி, போரும் (சிலிண்டர் விட்டம்) 75 மில்லி, ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகர்ற தூரம்) 75 மில்லி. ஏழு மெயின் பேரிங், நல்ல பலமான க்ராங்க். க்ரவுன்ல ஒரே கேம்ஷாஃப்ட் (வால்வுகள திறந்து மூடற தண்டு), சாதாரண கார்புரேட்டர், 105 குதிரை குடுத்துச்சு, பெரிய மனுஷங்க பின் சீட்ல உக்காந்து போற வண்டி அது. அதே ப்ளாக் மேல யமஹா புதுசா ஒரு அலுமினியத் தலை செஞ்சு வெச்சாங்க, ரெண்டு கேம்ஷாஃப்ட், அரைக்கோள வடிவ எரியறை, ஒரு பக்கம் காத்து உள்ள போயி மறுபக்கம் புகை வெளிய போற க்ராஸ் ஃப்ளோ. அதோட பக்கவாட்டுல மூணு மிக்குனி சோலெக்ஸ் 40 கார்புரேட்டர். 105 இருந்த இடத்துல 150 வந்துச்சு, அதுவும் 6,600 ஆர்பிஎம்ல. அதே ப்ளாக், அதே சைஸ், மேல மட்டும் மாத்தி 45 குதிரை கூட எடுக்கறது 1965ல விளையாட்டு இல்ல.

ஏன் 2 லிட்டரோட நின்னாங்கன்னா ஜப்பான் வரி அப்படி. 2,000 சிசிக்கு மேல போனா அந்தக் காலத்துல வண்டி வேற வகுப்புக்கு போயிடும், வருஷா வருஷம் கட்டற வரி பல மடங்கு ஏறிடும். அதனாலதான் 1988.

அந்த மூணு கார்புரேட்டரப் பத்தி கொஞ்சம் சொல்லணும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வாய், ஆக ஆறு வாய், ஆறு சிலிண்டர், ஒரு சிலிண்டருக்கு ஒரு வாய். ஐடில்ல ஆறும் ஒரே அளவு காத்து இழுக்கணும். இந்த சைட் ட்ராஃப்ட் (காத்த பக்கவாட்டுல இழுக்கற) ஜாதி கார்புரேட்டர் ரெண்டு போட்ட வண்டிய நான் டியூன் பண்ணிருக்கேன், ஒரு சின்ன ரப்பர் ட்யூப்ப ஒரு முனைய காதுல வெச்சு மறு முனைய ஒவ்வொரு வாயிலயும் வெச்சுக் கேக்கணும், உஸ்ஸுன்னு வர்ற சத்தம் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணுல திருகினா பக்கத்துல மாறும், அதைத் திருத்தினா மறுபடி முதல்ல மாறும். ரெண்டுக்கே எனக்கு ஒரு மத்தியானம் போச்சு. மூணு செட்டாகி நின்னு, பெடல மிதிச்ச உடனே ஆறு வாயும் ஒண்ணா மூச்சு இழுக்கற சத்தம் இருக்கே, அதுக்கு இன்னிக்கு கம்ப்யூட்டர் இன்ஜெக்ஷன் வண்டியில ஈடே கிடையாது. அந்த இன்ஜின நேர்ல கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

வேகம்னு பாத்தா உண்மையச் சொல்லிடறேன், அதே 1967ல போர்ஷே 911எஸ் அதே 2 லிட்டர்ல 160 குதிரை வெச்சிருந்துச்சு. வேகத்துல இதுதான் உலகத்துலயே முதல்னு சொல்ல முடியாது. ஆனா அதுக்கு முன்னாடி வரைக்கும் அந்த மாதிரி வண்டியே செய்யாத ஒரு நாட்டுல நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் ப்ரேக், அஞ்சு கியர், லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (ஒரு பின் சக்கரம் மட்டும் வழுக்கிச் சுத்தாம தடுக்கறது), நாலு பக்கமும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், மெக்னீசியம் வீல், எல்லாத்தையும் ஒரே வண்டியில முதல் முயற்சியிலேயே கொண்டு வந்தாங்க பாருங்க, அதைத்தான் நான் மதிக்கறேன்.

நேர்கோடு:

எல்லாரும் புகழ்றீங்க, நான் மாத்துக் கருத்து ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. பாத்தா அப்படியே ஜாகுவார் ஈ-டைப் மாதிரி இல்லையா? ஈ-டைப் 1961லயே வந்துடுச்சு. அதே நீள மூக்கு, அதே மாதிரி பின்பக்கம். முதுகெலும்பு மாதிரி நடுவுல ஓடற அந்த ஃப்ரேமும் லோட்டஸ் இலான்ல முன்னாடியே இருந்ததுதான். அதோட இந்த வண்டிய வரைஞ்சது ஆல்ப்ரெக்ட் கெர்ட்ஸ்னு ஒரு ஜெர்மன்காரருன்னு எங்கயோ படிச்சிருக்கேன், பிஎம்டபிள்யூ 507 டிசைன் பண்ணவர். நிசானுக்கு அவர் போட்ட படத்த யமஹா டொயோட்டாகிட்ட குடுத்துட்டாங்கன்னு. அப்ப இதுல ஜப்பான்காரங்க சொந்தமா செஞ்சது என்ன?

கிளாசிக் கதிர்:

@நேர்கோடு கோவம்லாம் இல்ல பாஸ், இது கேக்க வேண்டிய கேள்விதான்.

கெர்ட்ஸ் கதை பல வருஷமா சுத்திட்டு இருக்கு. அவர் நிசானுக்கு ஆலோசகரா இருந்தது உண்மை, நிசான் யமஹா ப்ராஜெக்ட் நின்னதும் உண்மை, உடனே டொயோட்டா யமஹாவோட சேந்ததும் உண்மை, இந்த மூணையும் முடிச்சுப் போட்டா அப்படி ஒரு கதை தானா வந்துடும். ஆனா யமஹாவோட பேசறதுக்கு முன்னாடியே டொயோட்டா டீம்கிட்ட நோசாகி போட்ட வடிவம் இருந்துச்சு. அவர்தான் இந்த வண்டியோட டிசைனர்.

ஈ-டைப்போட சாயல் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துல நல்ல ஜிடி வண்டி வரையணும்னு உக்காந்த யாருக்கும் ஈ-டைப் கண்ணு முன்னாடி வந்திருக்கும். ஆனா பக்கத்துல நிறுத்திப் பாத்தா வித்தியாசம் புரியும். 2000ஜிடியோட அகலம் 1,600 மில்லிதான், உயரம் 1,160. இன்னிக்கு நம்ம ரோட்ல ஓடற ஸ்விஃப்டே இதைவிட அகலம். ஈ-டைப் ஒரு மாதிரி வழவழன்னு நீண்டு போகும், இது அப்படி இல்ல, சக்கரத்துக்கு மேல தோல இறுக்கி இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும், ஒரு இடத்துலயும் சதை தொங்காது. முன்னாடி ரெண்டு பெரிய கண்ணாடி மூடி தெரியுதே, அது ஹெட்லைட்டுன்னு நிறைய பேரு நெனப்பாங்க, அது ஃபாக் லைட். நிஜ ஹெட்லைட் அதுக்கு மேல பானெட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், தேவைப்பட்டா எழும்பி வரும். மூக்கு அவ்ளோ தாழ்வா இருக்கறதால அமெரிக்க சட்டப்படி ஹெட்லைட் இருக்க வேண்டிய உயரம் வராது, அதுக்காகத்தான் அந்த ஏற்பாடு.

இலான் மாதிரி ஃப்ரேம்ங்கறதும் சரிதான். கத்துக்கிட்டு செஞ்சாங்க. அது குறையா என்ன? கத்துக்கிட்டத எவ்ளோ உறுதியா செஞ்சாங்கன்னு பாக்கணும்னா 1966 அக்டோபர் கதைய சொல்லணும். இபராக்கி பக்கம் யாதாபேன்னு ஒரு டெஸ்ட் ட்ராக். வண்டி இன்னும் விற்பனைக்கே வரல. அங்க 2000ஜிடிய ராத்திரி பகல் பாக்காம, மழையிலயும், டிரைவருங்க மாறி மாறி ஓட்டிக்கிட்டே இருந்தாங்க. 72 மணி நேரம், சராசரி வேகம் மணிக்கு 206.02 கிலோமீட்டர். சராசரிங்க, பெட்ரோல் போட நின்னது, டயர் மாத்தினது எல்லாம் சேத்து. அதோட நிறுத்தாம 10,000 மைல் முடியற வரைக்கும் ஓட்டினாங்க, 78 மணி நேரம் ஆச்சு. மூணு உலக சாதனை, 13 சர்வதேச சாதனை. அடுத்த வருஷமே போர்ஷே 911ஆர் இத்தாலியில மான்ஸா ட்ராக்ல அந்த சாதனைங்கள தாண்டிடுச்சு, அது வேற விஷயம். ஆனா அதுவரைக்கும் இந்தப் பட்டியல்ல ஜப்பான் பேரு வரும்னு யாரும் நெனச்சே பாத்ததில்ல. அதே வருஷம் சுசூகா 1000 கிலோமீட்டர் ரேஸ்ல முதல் ரெண்டு இடம், 1967ல ஃபூஜி 24 மணி நேர ரேஸ்ல ஜெயிச்சுது.

இவாட்டா தமிழன்:

லேட்டா வந்துட்டேன். நான் இருக்கறது ஷிசுவோகால, ஹமமட்சு பக்கம், யமஹா மோட்டார் தலைமை ஆஃபீஸ் இருக்கற இவாட்டா இங்கருந்து ரயில்ல கொஞ்ச நேரம்தான். அங்க அவங்களுக்கு கம்யூனிகேஷன் ப்ளாஸான்னு ஒரு மியூசியம் இருக்கு, டிக்கெட் கிடையாது. பைக்குங்க நடுவுல ஒரு 2000ஜிடியும் நிக்கும். டொயோட்டா பேரு போட்ட வண்டிய யமஹா தன் வீட்டு மியூசியத்துல வெச்சிருக்காங்கன்னாலே இந்த த்ரெட்டோட கேள்விக்கு பாதி பதில் வந்துடுது.

நான் மூணு தடவ போயிருக்கேன். பக்கவாட்டுல உக்காந்து பாத்தா முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவுல ஃபெண்டர்ல ஒரு மூடி தெரியும், ரெண்டு பக்கமும். எல்லாரும் அதை சும்மா அழகுக்குன்னு நெனப்பாங்க. ஒண்ணுக்குள்ள பேட்டரி, இன்னொண்ணுக்குள்ள ஏர் க்ளீனர். பானெட்டுக்கு அடியில அந்த நீளமான ஆறு சிலிண்டர வெச்சதுக்கப்புறம் எடமே இல்ல, அதனால பேட்டரிய வெளிப் பக்கம் தள்ளிட்டாங்க. எடை பின்னாடி வந்தா வண்டி சமமா நிக்கும், அந்த லாபமும் இருக்கு. எனக்கு அந்த மூடிதான் வண்டியிலயே பிடிச்ச எடம். பிரச்சனைய மறைக்காம அதையே அழகா ஆக்கியிருக்காங்க.

அப்புறம் உள்ள எட்டிப் பாத்தா மரம். டாஷ்போர்ட் முழுக்க நிஜ மரம், ஸ்டீயரிங் வளையமும் மரம். இது நிப்பான் கக்கில செஞ்சது, அதாவது பியானோ செய்யற யமஹா, மோட்டார் கம்பெனி 1955ல அதுலருந்துதான் தனியா பிரிஞ்சுது. பியானோவுக்கு மரம் தேய்ச்சு பாலிஷ் போடற கைங்கதான் இந்த டாஷ்போர்டயும் செஞ்சிருக்கு. முதல்ல வந்த வண்டிங்கள்ல வால்நட், அப்புறம் ரோஸ்வுட். கண்ணாடி வழியா குனிஞ்சு பாத்தேன், வேகமானியும் ஆர்பிஎம் மீட்டரும் எதிர்ல, நடுவுல அஞ்சு சின்ன மீட்டர் வரிசையா, அதைச் சுத்தி மர ரேகை வளைஞ்சு ஓடுது. இந்த ஊர்ல பியானோக் கடைங்க வழியா நடந்து போனா உள்ள அதே மாதிரி பளபளப்பு தெரியும், ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த டாஷ்போர்டுதான் ஞாபகம் வரும்.

@சாலையோரம் அண்ணா, அடுத்த தடவ தங்கச்சி வீட்டுக்கு வரும்போது சொல்லுங்க, நகோயாலருந்து இவாட்டா ஒரு நாள்ல போயிட்டு வந்துடலாம், நானும் வர்றேன். மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க.

ரேவதி ஏலம்:

விலை பத்தி யாரும் சரியா சொல்லல, நான் ஏல ரிப்போர்ட் எல்லாம் தொடர்ந்து படிக்கறவ, அதனால எழுதறேன்.

2013 ஏப்ரல்ல அமெரிக்காவுல ஆர்எம்ங்கற ஏலக் கம்பெனியோட ஏலத்துல ஒரு 2000ஜிடி 11 லட்சத்து 55 ஆயிரம் டாலருக்கு போச்சு. ஜப்பான் வண்டி ஒண்ணு பத்து லட்சம் டாலரத் தாண்டினது பெரிய செய்தியாச்சு, அதுவரைக்கும் அந்தக் கோட்டுக்கு மேல ஐரோப்பிய, அமெரிக்க வண்டிங்கதான். அப்புறம் 2022 மார்ச்ல குடிங் கம்பெனியோட அமேலியா ஐலண்ட் ஏலத்துல 25 லட்சத்து 35 ஆயிரம் டாலர், அன்னிக்கு ரேட்ல நம்ம பணத்துல 19 கோடிக்கு மேல. ஆனா அந்த வண்டி தனி ரகம். சேஸிஸ் நம்பர் எம்எஃப்10-10001, 1968ல கேரல் ஷெல்பிங்கற பிரபல அமெரிக்க ரேஸ்காரரோட டீம் அமெரிக்காவுல ரேஸ் ஓட்டின வண்டி. அந்த ஒரு சீசன் மட்டும்தான் ஓட்டினாங்க. அதனால அந்த விலைய வெச்சு எல்லா 2000ஜிடியும் அவ்ளோன்னு நெனச்சுக்கக் கூடாது, கலெக்டருங்க வண்டியோட வரலாறுக்குன்னு தனியா காசு குடுப்பாங்க.

சாலையோரம் சார் கேட்ட "150 குதிரைக்கு ஏன்"ங்கறதுக்கு என் பதில் இதுதான். கலெக்டருங்க குதிரைசக்திக்கு காசு குடுக்கறதில்ல. ஈ-டைப் 70,000க்கு மேல செஞ்சாங்க, அழகுல எதுக்கும் குறைஞ்சது இல்ல, ஆனா தேடினா கிடைக்கும். ஃபெராரி 250 ஜிடிஓ 36தான், 2018ல ஒண்ணு 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு போச்சு. 2000ஜிடி 351. எண்ணிக்கை கம்மியா இருந்தா மட்டும் போதாது, யாருக்கும் வேணாத வண்டியும் கம்மியாதான் இருக்கும். இதுல எண்ணிக்கையும் கம்மி, கைவேலையும் இருக்கு, ஒரு நாட்டோட முதல் நிஜமான ஜிடிங்கற எடமும் இருக்கு, இதெல்லாம் ஒரே வண்டியில சேர்றது ரொம்ப அபூர்வம். 1967ல வந்த பாண்ட் படத்துல வந்ததும் ஒரு காரணம்தான், அதுக்குன்னு கூரை இல்லாம ரெண்டு வண்டி செஞ்சாங்க, 116 சென்டிமீட்டர் உயர வண்டிக்குள்ள ஷான் கானரி அடங்கல, அதனாலதான்னு சொல்லுவாங்க. விற்பனைக்கு திறந்த வண்டி வரவே இல்ல.

இன்னொரு சந்தோஷமான விஷயம், 2020லருந்து டொயோட்டாவே ஜிஆர் ஹெரிட்டேஜ் பார்ட்ஸ்னு இந்த வண்டிக்கு கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் உதிரிங்கள திரும்ப செஞ்சு குடுக்கறாங்க. அதுவும் நிஜமா வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான். 50 வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச சில நூறு வண்டிக்காக பல்சக்கரம் வெட்டறதுல எந்தக் கம்பெனிக்கும் பெரிய லாபம் வந்துடாது. எனக்கு இந்தச் செய்திய படிச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு, உண்மையாவே. ஒரு பொருள செஞ்சவங்களே அதை சாக விடக்கூடாதுன்னு நெனக்கறது எவ்ளோ பெரிய விஷயம்.

நேர்கோடு:

கெர்ட்ஸ் விஷயத்துல நான் படிச்சத அப்படியே நம்பிட்டேன், திருத்திக்கறேன். யாதாபே கதை தெரியாது, 78 மணி நேரம்னா சும்மா இல்ல. ஆனாலும் ரெண்டும் பக்கத்துல நின்னா நான் ஈ-டைப்பத்தான் முதல்ல பாப்பேன், அது என் மனசு.

சாலையோரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஒரு கேள்வி கேட்டதுக்கு இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. மாப்பிள்ளைக்கு லிங்க் அனுப்பிட்டேன், "நான் சொன்னது பாதி சரின்னு ஒத்துக்கிட்டாங்கல்ல"ன்னு பதில் போட்டிருக்காரு, மீதிப் பாதியப் பத்தி பேச்சே காணோம்.

நான் எடுத்த போட்டோங்கள மறுபடி பெருசாக்கிப் பாத்தேன், ஃபெண்டர் மூடி ரெண்டும் தெளிவா தெரியுது, அன்னிக்கு அரை மணி நேரம் சுத்தி வந்தும் அது எதுக்குன்னு தோணவே இல்ல. ஆனா டாஷ்போர்ட ஒரு போட்டோகூட எடுக்கல, கண்ணாடில வெளிச்சம் அடிச்சுதுன்னு விட்டுட்டேன், அதுதான் இப்ப மனசு கெடந்து அடிச்சுக்குது. இவாட்டா தமிழன் தம்பி, ஏப்ரல்ல மறுபடி வர்றேன், கண்டிப்பா போலாம்.

கார்பு மெக்கானிக்:

போறப்ப அங்க இருக்கறவங்ககிட்ட மரியாதையா கேட்டுப் பாருங்க, பானெட் திறந்து காட்ற நாள் ஏதாவது இருக்கான்னு. திறந்தா இன்ஜினோட முழு படம் வேணாம், அது நெட்ல நிறைய இருக்கு. மூணு கார்புரேட்டரையும் சேத்து இழுக்கற த்ராட்டில் ராடு எப்படிப் போகுது, அது நடுவுல எங்க தாங்கி நிக்குது, அந்த எடத்த மட்டும் கிட்ட வெச்சு ஒரு போட்டோ எடுத்து இங்க போடுங்க தம்பி. புண்ணியமா போகும்.